சணல் கதவு

சந்திரம்மா எங்கள் பயிற்சி நிலையத்தில் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்த புதிதில் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். எந்தக் கதவையும் சாத்த விடமாட்டார். கதவுக்கு ஒரு செங்கல் என்று எங்கிருந்தோ பொறுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றையும் அகலத் திறந்து முட்டுக்கொடுத்து வைப்பார். பட்டறையில் நாங்கள் பிசின் ஊற்றிக்கொண்டிருப்போம், வாசல் வழியாகக் காற்று தெருப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் கொட்டும். புழுதி விழுந்த பலகையைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"கதவை எதுக்குப் படைச்சிருக்கு சந்திரம்மா? சாத்தத்தானே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தொறக்கறதுக்கும்தான் மிஸ்," என்றார். அவ்வளவுதான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் பெயர் வேதநாயகி. அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, 1997இல் இங்கே பயிற்றுநராகச் சேர்ந்தேன். பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களுக்கு நாரும் பிசினும் சேர்த்துப் பலகை வார்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அச்சில் சணல் துணியை விரித்து, பிசினை ஊற்றி, உருளையால் அழுத்தி, மறுபடி சணல், மறுபடி பிசின். காய்ந்தால் பலகை. மரத்துக்கு மாற்று என்று சொல்லி அந்த நாளில் பலரும் இதைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் பிரின்சிபால் ஸ்ரீகண்டன் சாரும் செய்தவர்தான். தலைமுறை தலைமுறையாக மைசூர் அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். கோபம் வந்தால் கன்னடத்தில் பேசுவார், ரொம்பக் கோபம் வந்தால் இங்கிலீஷில்.

சந்திரம்மாவுக்கு ஜீவனஹள்ளி. அவருடைய அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். சந்திரம்மா சின்ன வயதிலேயே ஊதுவத்தி உருட்டப் போனார், கல்யாணத்துக்குப் பிறகும் உருட்டினார். லாரியில் லோடு ஏற்றப் போன புருஷன் ஒருமுறை ஹூப்ளி பக்கம் போனவர் திரும்பவேயில்லை. "செத்தாரா, வேற குடும்பம் பண்ணிக்கினாரா, தெரியாது. தெரிஞ்சி இன்னா பண்ணப் போறேன்," என்பார். புருஷனைப் பற்றி அவர் பேசியது அவ்வளவே. ஒரே மகள், பெயர் மகா.

அந்த மகாவைப் பற்றி எனக்குத் தெரியவந்தது தாப்பாள் விவகாரத்தில்தான். நான் சேர்ந்த மறுவருஷத்து மழைக்காலம். ஒரு திங்கட்கிழமை காலை, கழிப்பறைக்குப் போன பெண்கள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். ஒரு கதவிலும் தாப்பாள் இல்லை. ஸ்க்ரூவைக்கூட விட்டுவைக்காமல் கழற்றியிருந்தது. தேடிப் பார்த்தால் அத்தனையும் சந்திரம்மாவின் பக்கெட்டில், துடைக்கும் துணிக்கு அடியில் கிடந்தன. பழைய இரும்புக்கடையில் போடத்தான் கழற்றியிருக்கிறாள் என்று ஸ்டோர்காரர் சத்தியம் செய்தார். ஸ்ரீகண்டன் சார் இங்கிலீஷுக்கே போய்விட்டார். நான் சந்திரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் உட்காரவைத்தேன்.

"என்ன இது சந்திரம்மா? வேலை போயிடும், தெரியுமா?"

"சனிக்கெழம ரெண்டு பொண்ணுங்க சண்டை போட்டுக்கினாங்களே மிஸ். ஒருத்தி அழுதுக்கினே உள்ள போயி தாப்பாள் போட்டுக்கினா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பிறகு மெதுவாகச் சொன்னார். அது நடந்தது 1994இல். கோலார் தங்கவயலில் இருந்த உறவுக்காரப் பையனுக்கு மகாவைப் பெண் கேட்டார்கள். மகா தையல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வேண்டாம் என்றாள். பேச்சு வளர்ந்து, சந்திரம்மா கன்னத்தில் அறைந்துவிட்டார். "இனிமே என் மூஞ்சிலயே முழிக்காத," என்றாளாம் மகள். அவளுக்கு இருந்த கோபம் தாய்க்கும் இருந்தது. சந்திரம்மா எதிர்வீட்டு முனிராஜ் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். சில நாட்களாகவே விடாத மழை, அன்றைக்கும் கொட்டிக்கொண்டிருந்தது. மகா கதவை அறைந்து சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் புகை தெரிந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்ததும் அந்த ஜன்னலடியில்தான். தெருவே ஓடிப்போய்த் தள்ளியும் கதவு அசையவில்லை. "உள்ள தாப்பாள் போட்டிருக்கா," என்று முனிராஜ் கத்தினார். கடப்பாரை கொண்டுவந்து உடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஸ்டவ் வெடித்தது என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். தெரு அதை ஏற்கவில்லை. தாயோடு சண்டை, தாப்பாளைப் போட்டுக்கொண்டு கொளுத்திக்கொண்டாள், இதுதான் தெருவின் தீர்ப்பு. சந்திரம்மாவின் தீர்ப்பும் அதுதான்.

"நான் அடிச்சேன், அவ போயிட்டா. கோவம் மட்டும் போகல மிஸ். மழை பேஞ்சா வருவா. கதவுக்கு அந்தாண்ட நிப்பா. பேச மாட்டா."

"நீங்க பேசுவீங்களா?"

"பேசுவேன். தாப்பாளைத் தொறடி கண்ணு, ஒரு வார்த்தை சொல்லுடின்னு கேப்பேன். ஒரு நாளும் சொன்னதில்ல."

சந்திரம்மாவின் வீடு புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிற வீடு. பேயாவது பிசாசாவது, எல்லாம் மூடநம்பிக்கை அக்கா என்று அவருடைய தம்பி பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். "பேய்னு யார்ரா சொன்னது? எம் பொண்ணுன்னுதானே சொல்றேன்," என்று சந்திரம்மா அவர் வாயை அடைத்துவிட்டார்.

நான் சாரோடு மல்லுக்கட்டி அந்த அம்மாளுக்கு வேலை போகாமல் பார்த்துக்கொண்டேன். தாப்பாள்களைத் திரும்பப் பொருத்தினோம். ஆனால் அன்றிலிருந்து மழை நாட்களில் எனக்கும் நிம்மதி போய்விட்டது. பெருக்கிக்கொண்டிருப்பவர் சட்டென்று நின்று, ஏதாவது ஒரு கதவின் ஓரமாகப் போய், வாய்க்குள் என்னவோ கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் வராது. அவர் முகம் தொங்கிப்போகும். பேய் நம்பிக்கை எனக்குக் கிடையாது. இருந்தாலும் அவர் காத்திருக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என்ன கர்மமோ, பாழாய்ப்போன அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசித் தொலைத்தால்தான் என்ன என்று அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது.

வருஷங்கள் ஓடின. 2002இல் எங்களைப் போன்ற பயிற்றுநர்களை ஒரு வாரம் உட்காரவைத்து, கற்பிப்பது எப்படி என்று கற்பித்தார்கள். "மாணவர் கேட்டுக் கற்பதில்லை, செய்து கற்கிறார்" என்று எழுதி அதைச் சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டி, நாள் முழுக்க எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் தூங்கியே கற்றோம். ஆனாலும் அந்த வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது.

காரணம் இருந்தது. என் பெண்களுக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. சணல் பலகையை அறுத்தால், அறுத்த விளிம்புக்குக் கட்டாயம் பிசின் பூச வேண்டும். மேலே பிசின் மூடியிருக்கிறது, தண்ணீர் இறங்காது. ரம்பம் ஓடிய இடத்தில் சணல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். ஆராய்ச்சிக்காரர்களே முதலில் இதில் கோட்டைவிட்டவர்கள்தான். சின்னச் சின்னத் துண்டுகளாக, விளிம்பெல்லாம் பக்குவமாகப் பூசி, தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்று சொன்னார்கள். வீட்டு வாசல் கோணலாக இருந்தால் ஆசாரி அறுக்கத்தானே செய்வார்? நான் தொண்டை கிழியச் சொல்வேன், பெண்கள் "சரி மிஸ்" என்பார்கள், பூசமாட்டார்கள். இதுகளுக்குச் சொல்லிப் பயனில்லை, செய்தே காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஸ்டோரில் பழைய சணல் கதவு ஒன்று கிடந்தது. ஸ்ரீகண்டன் சார் முன்னொரு காலத்தில் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு தெருவுக்குச் சோதனைக்காகக் கதவுகள் கொடுத்தார், அதில் மிஞ்சியது. "யார் வீட்லயோ ஏதோ அசம்பாவிதமாம். ராசியில்லாத கதவுன்னு அத்தனை பேரும் கழட்டி எறிஞ்சுட்டாங்க. ஒரு மழைக்காலம்கூடத் தாங்கல நம்ம திட்டம்," என்று சார் அலுத்துக்கொண்டிருக்கிறார். அது எந்தத் தெரு என்று நான் கேட்டதில்லை. சந்திரம்மாவும் கதவு என்றுதான் சொன்னாரே தவிர, எந்தக் கதவு என்று சொல்லவில்லை.

அந்தக் கதவை ஸ்டோர் அறையின் நிலைக்குப் பொருந்தும்படி அறுத்தேன். விளிம்புக்கு ஒன்றும் பூசவில்லை. கீல் மட்டும்தான் வைத்தேன், தாப்பாள் இல்லை, கொக்கி இல்லை, பூட்டு இல்லை. தள்ளினால் திறந்தது, இழுத்தால் மூடியது. மூடிவிட்டு, மேலே ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டேன்.

"ஒரு வாரம் இந்தச் சாக்கு காயக்கூடாது சந்திரம்மா. தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க," என்றேன்.

ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளிலும் வந்து ஊற்றிவிட்டுப் போனார். எதற்கு என்று கேட்கவில்லை.

பாடம் நடந்த அன்று சாக்கை எடுத்துவிட்டு, சரசு என்ற பெண்ணை அறையின் பின்பக்க ஷட்டர் வழியாக உள்ளே அனுப்பினேன். வாய் ஓயாத பெண் அவள். மற்றவர்களை முன்பக்கம் நிறுத்தி, "சரசுவை வெளியே கூட்டிட்டு வாங்க பாக்கலாம்," என்றேன். ஒருத்தி அலட்சியமாக ஒரு கையால் தள்ளினாள். கதவு அசையவில்லை. இரண்டு பேர் தள்ளினார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். அப்போதும் அசையவில்லை.

"மிஸ் அவகிட்ட உள்ள தாப்பாள் போடச் சொல்லியிருக்காங்கடி," என்றாள் ஒருத்தி. உடனே எல்லோரும் சிரித்துக்கொண்டே, "ஏய், தாப்பாளை எடுடி, தாப்பாளை எடுடி," என்று கத்த ஆரம்பித்தார்கள்.

உள்ளேயிருந்து சரசுவின் குரல் அடங்கிச் சின்னதாக வந்தது. "நான் எங்கடி போட்டேன்? இங்க தாப்பாளே இல்ல. இழுத்து இழுத்துக் கை வலிக்குது. நல்லாத் தள்ளுங்கடி."

பின்னால் பக்கெட் விழுந்து உருண்டது. சந்திரம்மா பெண்களை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு வந்து கதவில் மோதினார். "நீ இழுடி, நான் தள்றேன், இழு கண்ணு, இழு," என்று முட்டி முட்டித் தள்ளினார். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் பயந்துபோய் அவரோடு சேர்ந்து தள்ள, கதவு கிறீச்சிட்டுத் திறந்துகொண்டது. சரசு இளித்துக்கொண்டு நின்றாள். சந்திரம்மா அவள் முகத்தை, தோளை, கையை, தலைமுடியைத் தடவித் தடவிப் பார்த்தார். அவள் இளிப்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு சந்திரம்மா கதவின் உள்பக்கத்தில் மேலிருந்து கீழே வரை கையை ஓட்டினார்.

"தாப்பாள் இல்ல மிஸ்."

"இல்லை சந்திரம்மா. அறுத்த விளிம்புல தண்ணி இறங்கி சணல் ஊதிடுச்சு. நிலையில இறுகிக்கிச்சு."

"மழை பட்டாலும் இப்படி ஆவுமா?"

"விடாம பேஞ்சா ஆகும்."

"எங்க வூட்ல இதே கதவுதான். இங்கிருந்துதான் குடுத்தாங்க. ஆசாரி அறுத்துத்தான் வச்சான். அதுக்கு அது மொத மழை."

பெண்களை வெளியே போகச் சொன்னேன். சந்திரம்மா தண்ணீர் தேங்கிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

"அப்போ அவ தாப்பாள் போடலியா?"

"போட்டிருக்கவே மாட்டா. சாகணும்னு அவ நெனைக்கல. உங்ககிட்ட வரத்தான் பார்த்திருக்கா."

"எம் மேல கோவத்துல போகலியா?"

"சத்தியமா இல்லை சந்திரம்மா."

அவர் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். இந்த ஒன்றையாவது இவருக்குக் கொடுத்தோமே என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டம் மெல்ல நின்றது.

"ஆமா, பொகை கண்ணுல படறதுக்கு முன்னாடியே கதவுல சத்தம் கேட்டுச்சி," என்றார். "தகரத்து மேல மழை. வார்த்த ஒண்ணும் கேக்கல. தடதடன்னு ஒதைக்கிறது மட்டும் கேட்டுச்சி. இன்னான்னு பாத்துட்டு வரேன்னு முனிராஜு எழுந்தான். நான்தான் கையைப் புடிச்சி உக்கார வச்சேன்."

கதவின் ஊதிய விளிம்பை விரலால் ஒருமுறை தடவினார்.

"திமிரப் பாரு, கதவ ஒதைக்கிறா, ஒதைக்கட்டும் விடுன்னு சொன்னேன் மிஸ். சத்தமா சொன்னேன். அவளுக்குக் கேக்கணும்னுதான் சொன்னேன்."