வெட்டு விழுந்த நீலப் பென்சில்

இடாலினா ஃபுர்த்தாதோவுக்குக் காலுறை என்பது அலங்காரமல்ல, தொழில் உடுப்பு. கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் அந்த சிப் கம்பெனியின் வரைபட அறையில் மேசை கட்டிலைவிடப் பெரியது. நடுவிலிருக்கும் கோட்டைத் தொட வேண்டுமானால் ஷூவைக் கழற்றிவிட்டு, மேலே ஏறி முழங்காலால் ஊர்ந்துதான் போக வேண்டும். விரல்நகத்தளவு மைக்ரோபிராசசரைப் பல நூறு மடங்கு பெரிதாக்கி, பிளாஸ்டிக் தாளில் கலர் பென்சிலால் வரைந்தார்கள். கம்ப்யூட்டரின் மூளையைப் பெண்கள் மண்டியிட்டு வரைந்த காலம் அது. இன்றைக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், முழங்கால் வலி அவர்களுக்கா வரப்போகிறது?

போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து கல்யாணமாகி வந்தவள் அவள். கணவன் ஜெர்மானோ இறந்துபோன பிறகு கொஞ்ச காலம் பழம் டப்பாவில் அடைக்கும் ஆலையில் ஆப்ரிகாட் பொறுக்கினாள். அங்கிருந்தபடியே மாலைப் பள்ளியில் டிராயிங் கற்றாள். ஆலையில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்த மேசையில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது, அவள் உயரத்துக்குத் திருகி வைத்த விளக்கு இருந்தது, பக்கத்தில் மாவிஸ் இருந்தாள்.

மாவிஸ் பெட்டிஜோன் நெப்ராஸ்கா பக்கத்து விவசாயி மகள். வாய் கொஞ்சம் நீளம். ஒருத்தி வரைந்ததை இன்னொருத்தி சரிபார்ப்பாள். தப்பு கண்டால் சிவப்புப் பென்சிலால் சுழிப்பாள், வரைந்தவள் வந்து அழித்துத் திருத்துவாள். அதுதான் அறையின் சட்டம். கொஞ்ச மாதங்களாக இடாலினாவின் தாளில் ஒரு சிவப்புச் சுழிகூட இல்லை. அவளுக்கு உள்ளூரக் கர்வம்தான். ஆனால் அந்தக் கர்வத்துக்குள் ஒரு முள்ளும் இருந்தது.

கண்ணில் புரை விழுந்திருந்தது. டாக்டர் சொல்லிவிட்டார்: கண்ணின் லென்ஸ் மஞ்சளடித்துவிட்டது, இனி நீலமும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறு வேலையென்றால் யாருக்கு என்ன? இங்கே பச்சை என்றால் சிலிக்கானிலேயே ஓடும் மின்பாதை, நீலம் என்றால் அதற்கு மேலே போகும் அலுமினியப் பாதை. பச்சையை நீலம் பாலம்போலத் தாண்டிப் போகலாம். பச்சையைப் பச்சை குறுக்கிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சிப் செத்துப்போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பென்சில்களை வரிசை மாறாமல் அடுக்கி, இடத்தை வைத்து நிறத்தைக் கண்டுபிடித்துச் சமாளித்தாள். சொன்னால் இடம் போய்விடும், திரும்பவும் ஆப்ரிகாட்தான் என்று பயம்.

ஒரு நாள் காலை பென்சிலை எடுத்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அடிப்பக்கத்தில் கத்தியால் ஒரு சின்ன வெட்டு. அடுத்ததை எடுத்தாள், அதிலும் இருந்தது. நீலப் பென்சில் எல்லாவற்றிலும் வெட்டு. பச்சையில் இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு முகம் சுட்டது. மத்தியானம் கீரை சூப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எப்படிடி தெரிஞ்சுது உனக்கு?"

"எது?" மாவிஸ் முட்டை சாண்ட்விச்சைக் கடித்தாள்.

"நடிக்காத. பென்சிலு."

"உன் காலு சொல்லிச்சு. ஒரு காலுல நீல சாக்ஸ், ஒரு காலுல பச்சை. எனக்கு முன்னாடி ஊர்ந்து போறது நீ, என் மூஞ்சிக்கு நேரா இருக்கிறது உன் உள்ளங்காலு. வேற எதைப் பாக்கச் சொல்ற?"

"எவ்வளவு நாளா?"

"குளிரு ஆரம்பிச்சதுலேருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஒத்துக்குவியாக்கும். இன்னும் நல்லா மறைச்சிருப்ப."

இடாலினாவின் கரண்டி நின்றது. "அப்போ தாளுல... சிவப்புச் சுழியே வரலையே."

மாவிஸ் சூப்பை அவள் பக்கம் தள்ளினாள். "நாலஞ்சு இடந்தான். நானே அழிச்சுப் போட்டுட்டேன். ஆறிப்போகுது, குடி."

இடாலினாவுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது. இத்தனை அன்பாக யாரும் அவளை ஏமாற்றியதில்லை. ஆனால் மாவிஸ் கண்ணுக்கும் ஒரு நாள் ஒரு கோடு தப்பும். தப்பினால் பழி மாவிஸ் தலையில்தானே விழும்? அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

"வேணாம்டி, கெடுத்துக்காத," என்று மாவிஸ் கையைப் பிடித்தும் கேட்காமல், சர்க்யூட்டை வடிவமைத்த இன்ஜினியர் ரஸ்ஸல் டிங்லியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சின்ன வயசுக்காரன், நல்லவன். காதைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"கண்ணை சரி பண்ணிட்டு வாங்க, இடாலினா. உங்க இடத்துக்கு நான் வாக்கு குடுக்க முடியாது. மேல கேட்டுப் பாக்கறேன்."

நியாயமான பேச்சுதான். இருந்தும் பஸ்ஸில் வீடு போகிற வழியெல்லாம் அழுதாள்.

அவளுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. அந்த அறையில் ஒரு வழக்கம். வேலை முடிகிற அன்று, முடித்தவர்கள் சிப்பின் காலி மூலையில் தங்கள் பேரின் முதலெழுத்தை நீலத்தில் வரைவார்கள். மைக்ரோஸ்கோப் வைத்தால்தான் தெரியும், அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் கிடையாது. அதற்காகவே எல்லோரும் அதன்மேல் உயிரை வைத்திருந்தார்கள். கடைசி நாளில் மேசையில் இல்லாதவளுக்கு மூலையில் இடமில்லை. தாள் முடிந்த அன்று இடாலினா ஆஸ்பத்திரியில் கண் கட்டோடு படுத்திருந்தாள்.

கட்டு பிரித்து, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிய அன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வானம் அப்படியொரு நீலம். இத்தனை நாளும் இது இங்கேயேதான் இருந்ததா என்று நர்ஸிடம் கேட்டாள்.

வசந்தத்தில் ரஸ்ஸல் போன் செய்தான். சிப் வந்திருக்கிறது, ஓடுகிறது, பார்க்க வாருங்கள் என்றான். இடத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

வரைபட அறையில் மாவிஸ் மைக்ரோஸ்கோப் பக்கத்தில் நின்றாள். இடாலினா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். அவள் மண்டியிட்டு வரைந்த பாதைகள் எல்லாம் மினுமினுத்தன. மாவிஸ் குமிழைத் திருகத் திருக, படம் மூலைக்கு நகர்ந்தது. ரஸ்ஸலின் எழுத்து. மாவிஸின் எழுத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு பென்சில். அடிப்பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு.

இடாலினா குமிழைத் தானே திருகி, அந்த வெட்டை இன்னும் தெளிவாக்கிப் பார்த்தாள்.

"ரஸ்ஸலுக்குத் தெரியுமா?" என்றாள் கடைசியில்.

"சரிபாத்தவரே அவருதான். சிவப்புப் பென்சில கையில எடுத்தாரு, பாத்தாரு, பேசாம கீழ வெச்சுட்டாரு."

"முனை கோணலா இருக்குடி."

"அடுத்த சிப்புல நீயே நேரா போடு. மேல ஒத்துக்கிட்டாங்களாம். நானே சொல்றேன்னு அவரு வாயை அடைச்சு வெச்சிருந்தேன்." மாவிஸ் மேசைப் பக்கம் கையைக் காட்டினாள். மேசையில் புதுத் தாள் விரித்திருந்தது, பழைய விளக்கு அதே உயரத்தில் இருந்தது. "ஷூவைக் கழட்டு. காலைக் காட்டு மொதல்ல."

இடாலினா ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினாள். மாவிஸ் குனிந்து பார்த்தாள். இரண்டும் நீலம்.