சுண்டிப் பார்த்து வாங்கிய வரிசை

வீரம்மாள் அக்கா உட்கார்ந்த இடத்திலேயே கனவு காண்கிறவள். கேலிக்குச் சொல்லவில்லை. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அவளுக்குப் பக்கத்துப் பலகையில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். சூளையிலிருந்து கோப்பைகள் வெதுவெதுப்பாக வந்து இறங்கும். வெள்ளைத் தூசு புருவத்திலும் இமையிலும் படிந்து எங்களுக்கே எங்கள் முகம் மறந்துபோகும். அந்த வெள்ளைக்குள் அக்கா எங்கேயோ போய்விடுவாள்.

"வளரு, இப்ப ஒரு ஊரு பாத்தேன்டி. வூடெல்லாம் கோப்பை மாரி வெள்ளையா இருக்குது" என்பாள்.

"சோறு கீறு போட்டாங்களா அந்த ஊர்ல?"

"தண்ணி குடுத்தாங்க" என்று, மெய்யாகவே குடித்துவிட்டு வந்தவள் மாதிரி உதட்டைத் துடைத்துக்கொள்வாள்.

ஆனால் அவள் விரல் மட்டும் தூங்காது. எங்கள் வேலையே விரலில்தான். சூளைக்காரர் தட்டை நீட்டினால் ஒவ்வொரு கோப்பையையும் விரலை மடக்கி நகத்தால் சுண்டிப் பார்த்து வாங்க வேண்டும். ணங்கென்றால் நல்லது. சத்தம் செத்திருந்தால் உள்ளே கீறல். சுண்டாமல் வாங்கிவிட்டால் அந்தக் கீறல் வாங்கினவள் தலையில் விடியும். பெற்ற தாயே நீட்டினாலும் சுண்டித்தான் வாங்குவோம். இதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இரண்டாயிரத்து ஆறு தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதுவரை தலைவராக இருந்தவர் ஆதிநாராயணன், அக்காவின் ஒரே அண்ணன். தகப்பன் செத்த பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவள் கல்யாணத்துக்கு உழவு மாட்டை விற்றவர். வருஷா வருஷம் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையுமாக வரிசைத் தட்டோடு அவள் வாசலில் வந்து நிற்பார். தாய்வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்தத் தட்டுதான். அவர் தங்கச்சியை நிற்க வைத்தார், ஊரும் அவர் முகத்துக்காக ஓட்டுப் போட்டது. "கையெழுத்து மட்டும் நீ போடு பாப்பா, மத்தத அண்ணன் பாத்துக்கறேன்" என்றார். அக்கா கனவில் தலையாட்டுகிற மாதிரி ஆட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் வராது? நான் கீழத்தெருக்காரி. எங்கள் தெருமுனையில் செங்கல் மேடை கட்டிக் கறுப்பாக ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். திறப்பு விழாவன்று தண்ணீர் கொட்டியது, போட்டோ எடுத்தார்கள். அப்புறம் மோட்டார் ரிப்பேர் என்று கழற்றிக்கொண்டு போனவர்கள்தான், திரும்பவில்லை. அது ஆதிநாராயணனின் கரும்புக் கொல்லையில் ஓடுகிறது என்று எங்கள் தெருவில் தெரியாத ஆள் கிடையாது. அதே கொல்லைக்குக் குடத்தோடு போய்த் தண்ணீர் பிடித்து, "நல்லா இருங்கண்ணா" என்று வாழ்த்திவிட்டு வேறு வருவோம். வெட்கங்கெட்ட பிழைப்பு! ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "எங்கண்ணன் அப்பிடிச் செய்ய மாட்டாரு" என்றவள், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பொறுப்பு ஒப்படைக்கிற நாளன்று ஐப்பசித் தூறல். தெருவெல்லாம் ஈரப் புகை. பத்தடி தள்ளி நிற்கிறவர் யாரென்று தெரியவில்லை. ஊராட்சி ஆபீஸ் வாசலில் அண்ணன் பெரிய பித்தளைத் தாம்பாளத்தோடு நின்றார். வெற்றிலை, பழம், மஞ்சள், புதுப் புடவை, நடுவில் ஆபீஸ் சாவி. அசல் பொங்கல் வரிசை! கிளார்க் சக்கரபாணி, ஊராட்சிப் பொருளெல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன என்று வாசித்துவிட்டுப் பேனாவை நீட்டினார்.

அக்கா தட்டை வாங்கக் கையை நீட்டினாள். பாதியில் கை நின்றது. கண்ணில் அந்த வழக்கமான தூரம். போச்சு, எந்த ஊருக்குக் கிளம்பிவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் விரல் மட்டும் மடங்கி, தாம்பாள விளிம்பைச் சுண்டியது. பழக்கதோஷம்தான். பித்தளை நீளமாக முனகியது. அந்தச் சத்தத்தில் அவளே முழித்துக்கொண்டாள்.

"அண்ணே, இவரு வாசிச்சத எல்லாம் ஒரு நடை பாத்துட்டு வந்து வாங்கிக்கறேன்."

கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "அண்ணன் வைக்கிற வரிசைய எவளாவது சோதிச்சுப் பாப்பாளா?"

"வரிசைன்னா பாக்க மாட்டேண்ணே. இது ஊரு பொருளு. பாக்காம வாங்கிட்டா கீறலு என் தலையில."

அவள் நடந்தாள். பின்னால் ஊர் நடந்தது. மேளமில்லாத சாமி ஊர்வலம் போல மூட்டத்துக்குள் மெதுவாகப் போனோம். பள்ளிக்கூடக் கதவைத் தட்டிப் பார்த்தாள், தெருக்குழாயைத் திருகிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். கீழத்தெரு வந்தது. செங்கல் மேடையில் ஏறி, தொட்டியைச் சுண்டினாள்.

தொம்.

கீழே குனிந்து அடிவயிற்றில் சுண்டினாள். அங்கேயும் தொம். பீங்கானில் ணங்கென்றால் சந்தோஷம், இங்கே சத்தம் வந்தால் வயிறு காலி.

"மோட்டாரு எங்கண்ணே?"

அண்ணன் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். "தோள்ல தூக்கி வளத்தேனே பாப்பா" என்றார்.

அக்கா அழுதாள். மறைக்கவில்லை, துடைக்கவுமில்லை. "ஆமாண்ணே, வளத்தீங்க. அந்தக் கடன என் உசுரு இருக்கற வரைக்கும் தீக்க முடியாது. ஆனா இவங்க தண்ணிய வச்சா அதத் தீக்கறது?"

பிறகு சக்கரபாணி பக்கம் திரும்பி, "மோட்டாரு இல்லன்னு எழுதுங்க. எல்லாருக்கும் கேக்கற மாரி வாசிங்க" என்றாள். வாசித்தார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் தாம்பாளத்தை மேடையில் வைத்துவிட்டு மூட்டத்துக்குள் நடந்து மறைந்தார்.

அதிலிருந்து அவர் அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை. எதிரே வந்தால் தெரு மாறிப் போனார். மோட்டாரைத் திருப்பித் தரச் சொல்லி ஆபீஸிலிருந்து ஆள் போனதற்கும் பதில் இல்லை. அக்கா எனக்குக் கனவு சொல்வதை விட்டுவிட்டாள். "என்னக்கா, அந்த வெள்ளை ஊரு என்னாச்சு?" என்று சீண்டினால், "வழி மறந்துட்டேன் வளரு" என்பாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, எங்கள் தண்ணீருக்காகப் பேசியதற்கு அவள் என்ன விலை கொடுத்திருக்கிறாள் என்று.

பொங்கல் வந்தது. வாசலில் பெரிய கோலம் போட்டுவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா என்று நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பானை பொங்கியது. வெயில் சாய்ந்தது. கரும்பு தூக்கிக்கொண்டு எவரெவரோ எந்தெந்த வாசலுக்கோ போனார்கள். தட்டு வரவில்லை.

அப்போது கீழத்தெருப் பக்கம் பெண்கள் கூச்சல். ஓடினோம். அண்ணனின் கொல்லை ஆள் டிராக்டரில் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். மெக்கானிக் மாட்டி முடித்து ஓடவும் விட்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையாம் அவர்.

அக்கா மேடையில் ஏறினாள். தொட்டியின் அடியில் சுண்டினாள். தப். சத்தமே இல்லாத நல்ல சத்தம். கொஞ்சம் மேலே, தொம். காத்திருந்து மறுபடி சுண்டினாள். அங்கேயும் தப். அவள் விரலுக்குப் பின்னாலேயே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்தி வெளிச்சத்தில் அவள் முகம் பழையபடி எங்கேயோ போயிருந்தது. குளிர்ந்த தொட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் வரிசை அனுப்பிட்டாருடி வளரு" என்றாள்.

"பாத்துச் சொல்லுக்கா" என்றேன்.

"சுண்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."