கடைசிப் பாயில் அம்மா

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்ததும், மேலகரத்தில் இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்தத் தகரக்கூரை ஜெபவீட்டுக்குள் நினைவில் போய்விட்டேன். குற்றாலத்தில் சீசன் என்றால், அம்மா வாரமெல்லாம் லாட்ஜ் போர்வைகளை வெளுத்துவிட்டு, அந்த வாடை போகாத கையோடு ஞாயிறு ஆராதனைக்கு வருவாள். தகரத்தில் சாரல் விழுகிற சத்தமும் பிரசங்கமும் ஒன்றாகக் கலக்கிற நேரத்தில் என் தோளில் சாய்ந்து குறட்டை விடுவாள். ஒருநாள் பள்ளிக்கூடத் தோழிகள் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "இனிமே எம் பக்கத்துல உக்காராத," என்றேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"ஆண்டவர்ட்ட வந்தாத்தாம்ட்டி மனசு அடங்குது. அதான் கண்ணு சொருகிருது," என்றாள் அம்மா.

அடுத்த வாரத்திலிருந்து, செருப்புகள் கிடக்கிற வாசலோரம் கடைசிப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் முன்வரிசையில் இருந்து, திரும்பியே பார்க்காமல், சத்தமாகப் பாடினேன்.

முடிவுப் பாட்டுக்கு எழுந்து நிற்கையில் அவள் முகம் பத்து வயது குறைந்தாற்போல் தெளிந்திருக்கும் என்பது, அம்மாவை அடக்கம் பண்ணின அன்று பாஸ்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.