ராங்பு என்றொரு வார்த்தை

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். வந்திறங்கும் பொருட்களைச் சோதித்து வாங்குவது என் பொறுப்பு. இயந்திரங்களை நிறுவ வந்த சீனப் பொறியாளரோடு பேசிப் பேசி, பெட்டிகளில் ஒட்டியிருக்கும் சீனச் சீட்டுகளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தேறியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

அடிக்கடி கண்ணில் பட்ட வார்த்தை 'ராங்பு'. அர்த்தம் கேட்டபோது அவர் ஓர் அடி பின்னால் போய், எனக்கு வழிவிட்டுக் கைகாட்டினார். விட்டுக்கொடுப்பது! நல்ல வார்த்தை என்று நினைத்தேன். சீட்டில் அதற்கு வேறு வேலை: குறை தெரிந்தே ஒரு பொருளை ஏற்றுக்கொள்வது. மூடியில் கீறல், பெயின்ட் திட்டு என்றால் நானே 'ராங்பு' எழுதிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன்.

"இன்னாக்கா, ராங்குன்னு எழுதிட்டு ஓகேன்றியே!" என்று லைனில் பெண்கள் சிரிப்பார்கள்.

பொறியாளர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்த சமயம், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் பழுதான சென்சாருக்குப் பதிலாக வேறொன்று வந்தது. உள்ளே கை இருந்தால் மெஷினை நிறுத்துவது அதுதான். சீட்டில் அதே வார்த்தை. கீழே, சில சமயம் தாமதமாக வேலை செய்யும் என்று ஒரு வரி.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். "சார், இது கை போற விஷயம்."

"மெஷின நிறுத்துனா லைனே நின்னுடும். அடுத்த வாரம் வேற வந்துடும். அதுவரைக்கும் விட்டுக்குடும்மா."

கையெழுத்துப் போட்டேன்.

அந்த மெஷினில் நின்றவள் வடக்குப்பட்டுப் பெண். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருபவள். "பாத்துப் போடுடி," என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. மூன்று நாள் பிரஸ் இறங்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நான்காம் நாள் டீ பிரேக்குக்குச் சற்று முன்னால் சத்தம் நின்றது.

இரண்டு விரல்கள்.

'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதிய தாளை சூப்பர்வைசர் நீட்டினார். "சைன் போட்டுடு. இல்லன்னா நீதான் மாட்டுவ."

நான் சென்சாரோடு வந்த சீனச் சீட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். வரிக்கு வரி தமிழில் படித்துக் காட்டினேன். என் கையெழுத்தையும் காட்டினேன். மெஷினை நிறுத்தினார்கள். சூப்பர்வைசரை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். எனக்கு வேலை போனது.

வேலை போன அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை அவள் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீ சொன்னியேக்கா, பாத்துப் போடுன்னு. நாந்தான் பாக்கல."

"இல்லடி. அது கோளாறுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.