அஞ்சரைக் கட்டை

இப்போதெல்லாம் எந்தக் கச்சேரிக்குப் போனாலும், பாடுகிறவர் ஒரு கட்டத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுகிறார். மிச்சப் பாட்டைச் சனங்கள் பாடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இடித்து, "இது எங்க வீட்டுல ஆரம்பிச்சது" என்று சொல்லிவிடுவேன். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன என் வீட்டுக்காரர் இப்போது இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருகிறார். உட்காரட்டும். பொய் சொன்னால்தானே நான் வெட்கப்பட வேண்டும்?

தேனி கடைவீதியில் அப்பாவுக்கு ரேடியோ ரிப்பேர் கடை. அதை ஒட்டிப் பெரியப்பாவின் பாத்திரக்கடை. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள் அத்தை. அவளுடைய கணவரான மாமா போடியில் ஏலக்காய் மண்டியில் இருந்தார். கடைக்குட்டி சித்தப்பா எதிலும் நிலைக்காமல், கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டிக்கொண்டு திரிந்தார். இந்த ஐந்து பேரும் சேர்ந்ததுதான் எங்கள் இன்னிசைக் குழு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பாத்திரக்கடைக் குடோனில் ஒத்திகை நடக்கும். சினிமாப் பாட்டு போதகர் காதில் விழுந்துவிடக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே அண்டாவும் குண்டாவும் கூடவே சேர்ந்து அதிர, கடைவீதி முழுக்கக் கேட்கும். போதகருக்கும் கேட்டிருக்கும். பாவம், அவரும் மனுஷர்தானே.

வருடத்துக்கு இருபது முப்பது கல்யாணங்களில் வாசித்தாலும், எங்களுக்குப் பெரிய கச்சேரி என்பது காணும் பொங்கலன்று மத்தியானம் வைகை அணையில் நடப்பதுதான். ஆண்டிபட்டி, பெரியகுளம் என்று சுற்றுப்பட்டுச் சனமெல்லாம் லாரியிலும் வண்டியிலும் கட்டுச்சோற்றோடு வந்து பூங்காவில் இறங்கும். மூன்று மணிக்கு ஆரம்பித்து, பொழுது சாய்வதற்குள் கச்சேரியை முடித்துவிட வேண்டும். கடைசிப் பாட்டு எப்போதும் ஒன்றுதான். பெரியப்பா எழுதி, மாமா மெட்டுப் போட்டது. ஆற்றுத் தண்ணீரைக் கூப்பிடுகிற பாட்டு. "மலை இறங்கி வா" என்று முடியும். அந்தக் கடைசி 'வா'வை அத்தை உச்சத்தில் பிடித்து நிறுத்துவாள் பாருங்கள், அதற்காகத்தான் அத்தனை கூட்டமும் காத்திருக்கும்.

அதற்கென்று அங்கே ஒரு விளையாட்டே உண்டாகியிருந்தது. அத்தை 'வா'வைத் தொட்டதும் கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அத்தை விடுகிறவரை விடக்கூடாது. மீசைக்காரர்கள்கூடக் கன்னத்தை உப்பவைத்து, முகம் சிவந்து, பாதியில் 'புஸ்' என்று விட்டுவிடுவார்கள். அத்தையோ நின்றுகொண்டே இருப்பாள். எனக்கு ஆறு வயதில் முதன்முதலாக அதைப் பார்த்தேன். அன்றைக்கு மேடையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆர்மோனியம், ஒரு தபலா, மாமாவின் கிளாரினெட், எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு மைக். அவ்வளவுதான். ஒரு ஆள்கூட அத்தையை ஜெயிக்கவில்லை.

பிறகு வருடத்துக்கு வருடம் குழு மாறிக்கொண்டே வந்தது. எல்லோரும் எழுந்து நின்று வாசிக்க ஆரம்பித்தார்கள். ஆர்மோனியம் போய், பெரியப்பாவின் மார்பில் அக்கார்டியன் ஏறியது. அப்பா மதுரையிலிருந்து ஒரு கிட்டார் வாங்கிவந்து, அதற்குள் என்னென்னவோ ஒயரைச் சொருகி, ரேடியோப் பெட்டி வழியாக அலறவிட்டார். சித்தப்பாவின் தபலா, டிரம் செட் ஆயிற்று. சட்டைகளில் பூ பூத்தது. அத்தைகூடக் கழுத்தை ஒட்டினாற்போல் அகலமான பாசி மாலை போட ஆரம்பித்தாள். அந்த வருடமே எனக்கும் அதேபோல் ஒன்று வேண்டும் என்று அழுது வாங்கிக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயதான பொங்கலில் நான் அத்தையை ஜெயித்தேன். அவள் 'வா'வை விட்ட பிறகும் என் மூச்சு மிச்சம் இருந்தது. மேடையைச் சுற்றிக் குதித்துக் குதித்து ஓடினேன். அன்றைக்கு என்னைப்போல நிறையப் பேர் ஜெயித்திருந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அத்தை என்னைத் தூக்கி, "எம்புட்டு மூச்சுடி உனக்கு, கெட்டிக்காரி" என்றாள். நான் வளர்ந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வருடம் யாருமே ஜெயிக்க முடியவில்லை. அப்பா ஒரு பழைய டேப் ரிக்கார்டரைப் பிரித்து மேய்ந்து, எக்கோ என்று ஒன்று செய்திருந்தார். அத்தை ஒருமுறை 'வா' என்றால் அது நாலைந்து முறை அணைச்சுவரில் மோதித் திரும்புவதுபோல் வரும். அது தேய்கிற இடத்தில் மாமாவின் கிளாரினெட் வந்து கோத்துக்கொள்ளும். எங்கே அத்தை முடிந்தாள், எங்கே மாமா தொடங்கினார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. மதுரையில்கூட இப்படி ஒரு குழு கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொன்னேன். நான் மதுரையைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பஸ் ஸ்டாண்டை மட்டும்.

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பா பெரியகுளம் தாலுகா ஆபீசில் வேலை பார்ப்பவர், பாட்டுக் கேட்பதில் பெரிய காது. எனக்குப் பதினோரு வயதான வருடம், பொங்கல் லீவுக்கு முந்தின நாள் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"உங்க அத்தைக்குச் சுருதி எறங்கிக்கிட்டே வருதாம்ல. முன்னாடி அஞ்சரைக் கட்டையாம், பெறகு அஞ்சாம், போன வருசம் நாலரைதானாம். எங்கப்பா சொன்னாக."

பாடுகிறவர் எவ்வளவு உயரத்தில் நின்று பாடுகிறார் என்பதற்குக் கட்டை கணக்கு என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக் கட்டையை இன்னொருத்தி அளப்பதாவது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உங்கப்பாவுக்குக் காதுல கொழுப்பு. இந்தப் பொங்கலுக்கு வந்து பாரு, அஞ்சரைலதான் பாடுவாக" என்றேன். பந்தயம் கட்டினோம். தோற்றவள் மற்றவளின் புத்தகப் பையை முழுப் பரீட்சை வரைக்கும் சுமக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே பொங்கல் கச்சேரிக்காகக் குடோனில் ஒத்திகை. நான் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். அப்பா சொன்னார்: "இந்தத் தடவ நாலுல வச்சுக்கிருவோம்க்கா. எக்கோ வேணாம். கடைசி 'வா'வுக்கு மச்சானும் வாசிக்க வேணாம்."

"நாலுல நின்னா முழுசா நீயே முடிச்சிரலாம் தாயி" என்றார் பெரியப்பா.

அத்தை, "சரி, செய்ங்க" என்றாள். கிளாரினெட்டைத் துடைத்து வருகிறேன் என்று வெளியே போன மாமா வெகுநேரம் வரவில்லை. என் காதில் விழுந்ததோ 'நாலு' மட்டும்தான். நாலா? பை சுமப்பதுகூடப் பரவாயில்லை, அவளுடைய அப்பா சொன்னது சரியென்று ஆகிவிடுமே.

கடைசிப் பாட்டின் முதல் நாலு வரியை அத்தை வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுவாள். துணைக்குச் சுருதிப் பெட்டி மட்டும்தான். மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து அதன் துருத்தியை அழுத்துவது என் அம்மாவின் வேலை. அம்மாவுக்குச் சுருதியும் ஒன்றுதான், சுண்ணாம்பும் ஒன்றுதான். கையை அசைக்கச் சொன்னால் அசைப்பாள். பெட்டியின் முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளை மூடிகள் இருக்கும். எதைத் திறக்கிறோமோ அந்தச் சுருதி வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அப்பா ஆணியால் எண்ணைக் கீறியிருந்தார். காணும் பொங்கலன்று அம்மா முறுக்கு வாங்கப் போன நேரம் பார்த்து, நாலை மூடிவிட்டு அஞ்சரையைத் திறந்துவைத்தேன். ஒரே நிமிடம்தான். பிறகு ஒன்றும் தெரியாதவள்போல் போய்த் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாட்டு வந்தது. அம்மா துருத்தியை அழுத்தினாள். அத்தை சட்டென்று திரும்பினாள். அம்மாவைப் பார்க்கவில்லை, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். அப்பா கிட்டாரை விட்டுவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார். நிறுத்து என்று அம்மாவுக்குச் சைகை காட்டக் கையைத் தூக்கினார். அத்தை அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

அஞ்சரை! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாலு வரி முடிந்து வாத்தியங்கள் சேர வேண்டும். அத்தனை பேரும் நாலில் ஒத்திகை பார்த்தவர்கள். பெரியப்பாவின் விரல்கள் அக்கார்டியனில் ஒருமுறை தடுமாறி, வேறு இடத்தில் உட்கார்ந்தன. அப்பாவின் கை கிட்டாரின் கழுத்தில் மூன்று கட்டம் தள்ளி ஏறியது. மாமா மூச்சை இழுத்து, பிசிறில்லாமல் அஞ்சரையில் வந்து சேர்ந்தார். கூட்டத்தில் ஒரு சுடுகுஞ்சுக்குக்கூடத் தெரியாது. பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாசித்தால்தான் அப்படி வரும். இதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

'வா' நெருங்கியது. பேசிவைத்தபடி மாமா கிளாரினெட்டை இறக்கிவிட்டார். எக்கோ அணைந்திருந்தது. அத்தை உச்சத்தைத் தொட்டாள். சுத்தமாக, துளி பிசகாமல் தொட்டாள். கூட்டம் மூச்சைப் பிடித்தது, நானும் பிடித்தேன். மனசுக்குள் எண்ணினேன். ஆறு எண்ணுவதற்குள் அத்தையின் குரல் நூல் அறுந்ததுபோல் நின்றுவிட்டது. வாய் திறந்தே இருந்தது, சத்தம் வரவில்லை. மாமா கிளாரினெட்டைத் தூக்கப் போனார், பாதியில் நின்றுவிட்டார். மேடையில் ஒருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. மூச்சைப் பிடித்து நின்ற சனம் மூச்சை விட்டது. வழக்கமாக 'புஸ்' என்று விடுகிறவர்கள் அன்றைக்கு அதை 'வா' என்று விட்டார்கள். லாரி மேல் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் தொடங்கினார் என்று நினைக்கிறேன். அப்புறம் பூங்காவே பாடியது. அத்தை விட்ட அதே இடத்திலிருந்து, அதே உயரத்தில், ஆணும் பெண்ணுமாக 'வா' என்று நிறுத்திப் பிடித்தார்கள். வருடா வருடம் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அந்த இடம் பாடமாகியிருந்தது. அத்தை மைக்கைக் கழற்றிக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். பெரியப்பா பாடினார், சித்தப்பா பாடினார், சுருதிக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாத அம்மாவும் பாடினாள். மாமா மட்டும் பாடவில்லை. அவர் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பந்தயம் கட்டியவள் வந்து நின்றாள். "பாதியிலயே விட்டுட்டாகல்ல?" என்றாள்.

"விடல. குடுத்தாக. நீங்க வாங்கிப் பாடுனீக" என்றேன். "அஞ்சரையா இல்லையா, அதச் சொல்லு. உங்கப்பா என்ன சொன்னாக?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "அஞ்சரைதானாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாம ஒக்காந்திருந்தாக" என்றாள். பிறகு என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். முழுப் பரீட்சை வரைக்கும் சுமந்தாள். நான் ஒரு நாள்கூடத் தள்ளுபடி செய்யவில்லை.

அந்த வாரமே அத்தையை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கழுத்தில் நாலைந்து வருடமாகக் கழலை வளர்ந்துகொண்டிருந்ததும், அதை மறைக்கத்தான் பாசி மாலை என்பதும், மூச்சு குறையக் குறைய அதற்கு முட்டுக்கொடுக்கத்தான் கிளாரினெட்டும் எக்கோவும் வந்தன என்பதும் எனக்கு எவ்வளவோ காலம் கழித்து மாமா சொல்லித்தான் தெரியும். அறுத்தால் குரல் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். பொங்கல் முடியட்டும் என்று கேட்டவள் அத்தை. கடைசியாக ஒருமுறை அவள் வாயாலேயே முழுசாக முடிக்கட்டும் என்றுதான் தம்பிமாரும் அண்ணனும் நாலில் வைத்திருக்கிறார்கள்.

குரல் போயேவிட்டது. காற்றும் கரகரப்புமாகத்தான் பேச்சு வந்தது. ஆனால் அடுத்த காணும் பொங்கலுக்கு அத்தை மேடையில் இருந்தாள். அம்மாவின் இடத்தில், சுருதிப் பெட்டியோடு. கழுத்தில் பாசி இல்லை. பாட்டை மாமா கிளாரினெட்டில் வாசிப்பதென்றும், கடைசி 'வா'வைச் சனத்துக்கு விட்டுவிடுவதென்றும் ஏற்பாடு. அதற்கப்புறம் எங்கள் குழு வாசித்த அத்தனை வருடத்திலும் அந்த ஏற்பாடு மாறவே இல்லை.

கச்சேரி தொடங்குமுன் அத்தை என்னைக் கூப்பிட்டாள். "ஆத்தா, இங்கன வா. பெட்டிய நீயே வச்சுக் குடு."

நான் அஞ்சரையைத் திறந்துவைத்தேன். அத்தை குனிந்து பார்த்தாள்.

"அன்னைக்கும் இதத்தான வச்ச?"

அப்பா காதில் விழுந்துவிடுமோ என்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அத்தை என் கன்னத்தைப் பிடித்து, "நல்லா வச்ச" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததிலிருந்து அத்தைக்கு அடிக்கடி அப்படி ஆவது வழக்கம் என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு அணையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், இனிமேல் எங்கள் குழுவுக்குச் சுருதி வைக்கிறது நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.