துடைத்துக் கொடுத்த மடிக்கணினி

"இதுக்குள்ள ஒன்னும் இருக்காது அக்கா. நீங்க எழுதறது எல்லாம் மேல போயிடும், க்ளவுட்ல இருக்கும்."

கல்லூரி நூலகத்தின் கவுண்டரில் இருந்த பெண் இப்படிச் சொல்லித்தான் அந்த மடிக்கணினியை என் கையில் கொடுத்தார். முக்காடு போட்ட, என் வயதை ஒத்த தமிழ் முஸ்லிம் பெண். அவர் என்னை அக்கா என்றார், நானும் அவரை அக்கா என்றேன். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரிக்கவில்லை. அவர் சொன்னதை நான் பாதிதான் புரிந்துகொண்டேன் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பட்டர்வொர்த் பக்கத்து மாக் மண்டினில் நான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் அங்கே பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றிருக்கிறேன். வேறு இடங்களில் போய்க் கேட்டால், பாதுகாப்பு மேற்பார்வைக்கு ஆள் வேண்டும், ஆனால் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவளிடம் சான்றிதழுக்கு எங்கே போவது? ஜார்ஜ்டவுனில் இருந்த இந்தக் கல்லூரி ஒரு வழி வைத்திருந்தது. வேலையில் கற்றதையெல்லாம் விரிவாக எழுதி அனுப்பினால், அதைப் பார்த்து டிப்ளோமாவில் இடம் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. விட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் வரை என் தைரியம் தாங்காது என்று எனக்கே தெரியும்.

வீட்டில் கணினி இல்லை. விண்ணப்பம் போட்டவர்களுக்கும் நூலகம் இரண்டு வாரத்துக்கு மடிக்கணினி இரவல் கொடுத்தது. மூடியைத் திறந்ததும் அது கேட்டது இரண்டே இரண்டு: வைஃபை, கல்லூரி தந்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும். கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து இருந்தது. பெரிய எழுத்துக்கான பொத்தான் வழக்கமாக இருக்கும் இடத்தில் பூதக்கண்ணாடிப் படம்தான் இருந்தது. அதை அமுக்கி அமுக்கி மூன்று முறை தவறாகப் போட்டேன். கவுண்டர் அக்கா எழுந்து வந்து, ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டே மற்றதைத் தட்டச் சொன்னார். திறந்தது. இரண்டு விரலால் தட்டினால் ஒரு பட்டியல் வரும் என்பதையும் அவர்தான் காட்டினார். அந்த இரண்டு விரல் வித்தையைக் கற்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பட்டர்வொர்த்தில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். இணையம் என் கணவரின் கைப்பேசியிலிருந்து வந்தது. லாரி ஓட்டும் மனிதர், காலையில் கைப்பேசியை வைத்துவிட்டா போக முடியும்? சாயங்காலம் அவர் வந்த பிறகுதான் என் வேலை தொடங்கும். "என்னா, ஆபீஸ் தெறந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, தானே தேநீர் கலக்கிக் கொள்வார். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் கலக்கிய தேநீரை அந்த இரண்டு வாரத்தில்தான் குடித்தேன். குடிக்கும்படியாகத்தான் இருந்தது.

மலாயில் எழுதினேன். உருகிய பிளாஸ்டிக் அடைத்துக்கொள்ளும் முன் இயந்திரத்தின் சத்தம் எப்படி மாறும் என்று எழுதினேன். புதிதாக வந்த பெண்ணின் சட்டைக்கை இயந்திரத்தின் கதவிடுக்கில் சிக்கிய அன்று எந்தப் பொத்தானை முதலில் அமுக்கினேன், ஏன் என்று எழுதினேன். இதையெல்லாம் யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. புதன்கிழமை முடித்தபோது பதினொரு பக்கம் வந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுநாள் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். நூலகத்திலேயே பெரிய கணினிகள் உண்டு, அங்கே உட்கார்ந்து அனுப்பிவிடலாம் என்று திட்டம்.

தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்தால் இயந்திரத்தைத் துடைத்து, தட்டில் கிடக்கும் கழிவை அள்ளி, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்தவர் வந்து முகம் சுளித்தால் அது நமக்கு அவமானம். நான் துடைத்த இயந்திரத்தைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. ஆகவே புதன் ராத்திரி திரையைத் துடைத்தேன், பொத்தான் இடுக்குகளைப் பல்குச்சியால் சுத்தம் செய்தேன். பிறகு உள்ளே பார்த்தேன். என் கோப்பு இன்னும் அங்கேயே கிடந்தது. மேலே ஒரு பிரதி இருக்கிறதே, இதில் எதற்கு என் அழுக்கு என்று இரண்டு விரலால் தட்டி நீக்கினேன். அது குப்பைத் தொட்டிப் படத்துக்குள் போய் உட்கார்ந்தது. தொட்டியையும் காலி செய்தேன். நிச்சயமா என்று அது கேட்டது. நிச்சயம் என்றேன்.

வியாழக்கிழமை காலை பெர்ரிக் கப்பலேறி அக்கரைக்குப் போய்க் கொடுத்தேன். "புதுசு மாதிரி இருக்கே அக்கா!" என்றார் கவுண்டர் அக்கா. அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பெரிய கணினியில் உட்கார்ந்து, பெயரும் கடவுச்சொல்லும் போட்டுத் திறந்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி திறந்தேன். வெள்ளைத் திரை.

என் கோபம் அவர் மேல் பாய்ந்தது. "நீங்கதானே சொன்னீங்க, எல்லாம் மேல இருக்கும்னு!"

அவர் குரலை உயர்த்தவில்லை. "மேலதான்கா இருந்துச்சு. இந்த லேப்டாப் சும்மா ஒரு ஜன்னல் மாதிரிலா. நீங்க ஜன்னல் வழியா கைய விட்டு அங்க இருந்தத எடுத்துட்டீங்க. சரி, தோங் சம்பால இருக்கும், பாப்போம்."

"குப்பைத் தொட்டியா? அதையும் காலி பண்ணிட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் நான் கொஞ்சம் கத்தியிருப்பேன். மாடியில் இருந்த கணினிப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினார். தொட்டியைக் காலி செய்த பிறகும் சில நாள்வரை மேலதிகாரியின் அனுமதியோடு மீட்கப் பார்க்கலாமாம். அந்த அதிகாரி அன்று வெளியே போயிருந்தார். "நாளைக்குக் காலையில கேக்கறேன். ஆனா உறுதியா சொல்ல முடியாதுக்கா" என்றார்.

மறுபடி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மதியம்வரை ஒரு பக்கம்தான் வந்தது, அதுவும் யாரோ எழுதியது போல இருந்தது. தொழிற்சாலையின் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. மறுநாள் பழைய இரும்புக்குப் போகவிருந்த இயந்திரத்தையும் நான் துடைத்தேன். "சுடாலா அக்கா, போதும், யாருக்காக?" என்று மேற்பார்வையாளர் சிரித்தார். என் லாக்கரைக் காலி செய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே நான் இருந்ததற்கு ஒரு தடயமும் மிச்சமில்லை, அவ்வளவு சுத்தமாக விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தப் பத்தொன்பது வருடம் இருந்தது பதினொரு பக்கத்தில் மட்டும்தான். அதையும் என் கையாலேயே துடைத்திருக்கிறேன். நூலகத்துக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

வெள்ளிக்கிழமை முதல் பெர்ரியைப் பிடித்து, நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். பத்து மணி, பதினொரு மணி. பன்னிரண்டு ஆகச் சற்று முன் கவுண்டர் அக்கா கையை ஆட்டினார். "பாருங்க!" திரையில் என் கோப்பு. பக்கங்களை எண்ணினேன். பதினொன்று. அனுப்புவதற்கு முன் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். நேரம் போகிறதே என்று அவர்தான் பதறினார்.

அனுப்பி முடித்ததும் ஒரு பிரதி அச்செடுத்துத் தரக் கேட்டேன். "எதுக்குக்கா, அதான் மேல பத்திரமா இருக்கே?" என்றார். "இருக்கட்டும். கையிலயும் ஒன்னு இருக்கட்டும்" என்றேன்.

இடம் கிடைத்தது. இப்போது இரண்டாம் பருவத்தில் இருக்கிறேன், மறுபடி ஒரு மடிக்கணினி இரவல் வாங்கியிருக்கிறேன். அந்தப் பதினொரு தாள்கள் சமையலறை இழுப்பறையில் கிடக்கின்றன. மேலே பழைய ரசீது, ரப்பர் வளையம், தீர்ந்துபோன பேனா எல்லாம் சேர்ந்துவிட்டன. வாரம் தவறாமல் வீடு முழுவதும் துடைக்கிறேன். அந்த இழுப்பறையில் மட்டும் கை வைப்பதில்லை.