காதுக்கு வாங்கிய செல்

தெருவில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் தையல், நாக்கும் ஊசிதான். சின்ன வயதிலிருந்தே காது மந்தம். காது மிஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ஃபிலிம் கேமராவைக் கொண்டுவந்தார். எல்லாம் வேலை செய்தது, வெளிச்சத்தை அளக்கும் முள்ளைத் தவிர. அதற்கான பாதரச பேட்டரியை இப்போது யாரும் செய்வதில்லை. அதே அளவில் கிடைத்த புது பேட்டரிக்கு வோல்ட் கூடுதல். முள், இருந்த வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டியது. அதை நம்பி எடுத்த ரோல் முழுக்க இருட்டடித்துப் போனது.

ஒரு காலையில் காது மிஷினுக்கு செல் மாற்றும்போது அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பழைய பேட்டரி எத்தனை வோல்ட்டு?"

"ஒண்ணு புள்ளி மூணு அஞ்சு."

"என் காது செல்லு ஒண்ணு புள்ளி நாலு. கிட்டத்துச் சொந்தம்தான் போல."

செல் சிறியது, கேமராவின் பேட்டரிக் குழிக்குள் ஆடியது. பழைய ரப்பர் வாஷர் ஒன்றைத் தன் கத்தரியால் நறுக்கிச் சுற்றிலும் பொருத்தினாள். காற்றுப் பட்டால்தான் அந்தச் செல்லுக்கு உயிர் வரும்; ஸ்டிக்கரை உரித்து, அது கொஞ்சம் காற்றுக் குடிக்கும்வரை காத்திருந்து உள்ளே போட்டாள். முள் எழுந்தது. ஜன்னல் பக்கம் காட்டினால் ஏறியது, மேஜைக்கடியில் காட்டினால் படுத்தது. பாதி தைத்த சட்டையை மறந்து, வீடு முழுக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

சில வாரங்கள் கழித்து முழுச் சூரிய கிரகணம். காற்றுப்பட்ட செல் நெடுநாள் தாங்காது; கேமராவில் இருந்தது அதற்குள் தீர்ந்திருந்தது. அன்று பார்த்து அவள் காதில் இருந்ததும் தீர்ந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. மருந்துக்கடைக்குப் போனால் பூட்டு. கடைக்காரரே கிரகணம் பார்க்க இவர்கள் மொட்டை மாடியில் நின்றார்.

"காதுலயே போட்டுக்கோ," என்றார் கணவர், அவள் உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும்படி மெதுவாக.

"சூரியன் மறையறது காதுல கேக்குமா?" என்று அதைக் கேமராவில் போட்டாள்.

சூரியனுக்கு முதுகைக் காட்டி, மாடியில் நின்ற முகங்களைப் பார்த்துக் கேமராவைப் பிடித்தாள். முள் இறங்க ஆரம்பித்தது. மேகமில்லை, மாலையுமில்லை, பட்டப்பகலில் யாரோ உலகத்தின் திரியைக் குறைக்கிற மாதிரி. வெளிச்சம் கூட விழும்படி லென்ஸை ஒரு படி திறந்து ஒரு படம் எடுத்தாள், முள் இன்னும் இறங்கியது. மறுபடி திறந்து எடுத்தாள், மறுபடி இறங்கியது. கடைசியில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை பெரிய விஷயம், இந்த மயிரிழை முள்ளுக்குத் தெரிந்திருக்கிறதே. எதிரே எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தன. கையில் கேமரா இருக்கும் நினைவு வந்து, குத்துமதிப்பாக ஒரு படம் எடுத்தாள்.

பிறகு முள் லேசாக அசைந்தது. நிமிர்ந்து பார்த்தால் வெளிச்சம் திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணில் ஏன் தண்ணீர் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

"எல்லாரும் என்ன கத்தினாங்க?" என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். "யாரும் கத்தல. மூச்சுகூட விடல. உனக்குக் கேட்டதுதான் எங்களுக்கும்."

படங்கள் நன்றாகவே வந்தன. குத்துமதிப்பாக எடுத்தது மட்டும் கொஞ்சம் கலங்கல். அதில் வாய் பிளந்து நிற்கும் மருந்துக்கடைக்காரர் அதையே கேட்டு வாங்கிக் கடையில் மாட்டிவிட்டார்.